நாடி நூற்றுப் பன்னிரண்டு

ஜனவரி 3, 2025, வெள்ளி
ஆஸ்பத்திரியில்: 142/88, நாடி 96.

இந்த நோட்டை நானாக ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும் டாக்டர் ஜிபி சொல்லிவிட்டார்: மூன்று வாரம் காலையும் மாலையும் பிரஷரும் நாடியும் பார்த்து எழுதவேண்டும், அப்புறம்தான் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் தேதி. ஒரு நாளைக்கு நாலைந்து எண் எழுத நூறு பக்க நோட்டு எதற்கு? மீதி இடத்தில் என்னைப் பற்றி எழுதிக்கொள்கிறேன். மோகனசுந்தரம், வயது நாற்பத்து நான்கு, கேரள எல்லையில் மீனாட்சிபுரம், ஆறு மாடு, ஒரு அம்மா. கல்யாணம் இல்லை.

இன்று பாலக்காட்டில் என் மானம் போனது. ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளப் படிவம் கொடுத்தார்கள். மலையாளம் நன்றாகப் பேசுவேன். வாசிக்க எழுத்துக்கூட்டவேண்டும், படித்தது தமிழ் மீடியம். 'மயக்குமருந்து உபயோகித்திருக்கிறீர்களா' என்று ஒரு கேள்வி. மயக்க மருந்துதானே, 2012இல் குடல்வால் ஆபரேஷனுக்குக் கொடுத்தார்களே என்று 'ஆமாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் விவரமும் எழுதினேன்: ஒரு தடவை, பொள்ளாச்சிப் பக்கம், இரண்டு மணி நேரம், நெஞ்சு படபடவென்று அடித்தது. படிவத்தை வாங்கிய பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கே கிடைத்தது என்று மலையாளத்தில் கேட்டாள். டாக்டர்தான் கொடுத்தார் என்றேன். என்னை ஒரு தனி அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். சுவரில், போதையை விட்டவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும் படம்.

அரை மணி நேரம் கழித்து நீலச் சட்டை போட்ட ஒரு பெண் வந்தாள். மயக்க மருந்துப் பிரிவு டெக்னீஷியனாம், பெயர் ஆர்த்தி. குமுளிக்காரி, என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். படிவத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, மலையாளத்துல மயக்குமருந்துன்னா கஞ்சா, பவுடரு. நம்ம சொல்ற மயக்க மருந்து வேற. இந்த ஆஸ்பத்திரியில இம்புட்டு நேர்மையா ஒத்துக்கிட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அவளே அடித்துத் திருத்தினாள். அப்புறம்தான் நாடி பார்த்தார்கள். 96க்கு யார் பொறுப்பு என்று எனக்கு இப்போதே சந்தேகமாக இருக்கிறது.

ஜனவரி 4, சனி
காலை 128/82, நாடி 76. மாலை 126/80, நாடி 78.
புதிதாக வாங்கிய பிரஷர் மிஷினின் பட்டையைக் கையில் சுற்றினால் காற்றேறி நன்றாகப் பிடிக்கிறது. கல்யாணமாகாதவனுக்கு அதுவும் ஒரு ஆறுதல்.

ஜனவரி 6, திங்கள்
காலை 126/82, நாடி 75. மாலை 136/84, நாடி 104.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஆர்த்தி போன் செய்தாள். எல்லா நோயாளிகளுக்கும் செய்வாளாம். "நோட்டுல இருக்கறத வாசிக்காதீங்கண்ணே. பாதிப் பேரு மனசுல தோணுறத எழுதிட்டு வாராக. நான் லைன்லயே இருக்கேன், இப்பப் பாருங்க."

பார்த்தேன். நூற்று நான்கு. மாட்டைத் துரத்தினீர்களா என்று கேட்டாள். இல்லை, உட்கார்ந்துதான் இருக்கிறேன் என்றேன். அது உண்மை. உட்கார்ந்தேதான் இருந்தேன்.

ஜனவரி 8, புதன்
காலை 128/80, நாடி 76. மாலை 138/86, நாடி 108.

அம்மாவைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதவேண்டும். பழனாத்தாள் என்றால் மீனாட்சிபுரத்தில் தெரியாதவர் கிடையாது. 2012இல் அந்த ஆபரேஷன் நடக்கும்போது டாக்டர் வெளியே வந்து, மருந்து கொடுத்ததும் பிரஷர் எக்கச்சக்கமாக இறங்கிவிட்டது, இதயம் தறிகெட்டு ஓடுகிறது என்றாராம். பிழைத்து வந்தேன். அன்றிலிருந்து அம்மா என்னைப் பால் கேன் தூக்க விட்டதில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் "என்ற பையனுக்கு நெஞ்சு வீக்குங்க" என்பார், ஏதோ நான் வாங்கிய பட்டம் மாதிரி.

பதினோரு இடத்தில் பெண் பார்த்தார்கள். ஒன்றும் அமையவில்லை. ஒருவர் சாணி வாசம் என்றார், ஒருவர் கவர்மென்ட் வேலை இல்லை என்றார். ஆனால் எல்லோரும் என் நெஞ்சுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள்.

அந்தப் பயத்தில்தான் கல் ஆபரேஷனை மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டேன். இரண்டு முறை வலி வந்து சுருண்டு விழுந்தேன். கல் குழாய்க்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று சர்ஜன் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்யாவிட்டால் கல். செய்தால் இந்த நெஞ்சு. நல்ல சம்பந்தம்.

ஜனவரி 10, வெள்ளி
காலை 124/80, நாடி 74. மாலை 136/82, நாடி 106.

இன்று போனில் பாடம். குடல்வால் ஆபரேஷன் அன்றைக்கு உங்களுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் தெரியுமா என்று கேட்டாள். மயக்க மருந்து என்றேன்.

"ஒன்னு இல்லண்ணே. தூங்க வைக்க ஒன்னு, வலிக்கு ஒன்னு, தசையத் தளர்த்த ஒன்னு. அந்தத் தசை மருந்துலயே பல தினுசு இருக்கு. ஒன்னு ஹார்ட்ட ஓட விடும். ஒன்னு பிரஷரக் கீழ இறக்கும். ஒன்னு ரெண்டாந் தடவ போட்டா நாடியவே மெதுவாக்கிரும். வெக்ரோனியம்னு ஒன்னு இருக்கு, அது ஹார்ட்டு பக்கமே திரும்பிப் பாக்காது, தசைய மட்டும் படுக்க வச்சுட்டுச் சும்மா இருக்கும். ரொம்ப நல்ல பிள்ள."

அந்த நல்ல பிள்ளையின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இத்தனை அருமையாகச் சொன்னவள் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு 'அண்ணே' போடுகிறாள். உப்பு மாதிரி. அளவோடு போடக்கூடாதா?

ஜனவரி 13, திங்கள்
காலை 124/78, நாடி 74. மாலை 122/80, நாடி 74.
ஆர்த்தி பொங்கலுக்குக் குமுளி போய்விட்டாள். வியாழன் வரை நீங்களே எழுதிவையுங்கள் என்று வாட்ஸப்.

ஜனவரி 14, செவ்வாய்
நாடி 75. 73.
பொங்கல் பொங்கியது. அம்மா கூவியது பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும்.

ஜனவரி 15, புதன்
நாடி 74. 74.
மாட்டுப் பொங்கல். ஆறு மாட்டுக்கும் மாலை. எனக்கு ஒன்றும் இல்லை.

ஜனவரி 16, வியாழன்
நாடி 74. 72.
இப்படியே போனால் நான் பூரண ஆரோக்கியசாலி ஆகிவிடுவேன். சலிப்பாக இருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி
காலை நாடி 76. மாலை 140/86, நாடி 114.
வந்துவிட்டாள்.

ஜனவரி 20, திங்கள்
ஆஸ்பத்திரியில்: 140/84, நாடி 110.

நோட்டைக் காட்ட முடியுமா? ஆர்த்திக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமே. எண்களை மட்டும் தனிக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் ஜிபி பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே வந்தார். காலையில் எழுபத்தைந்து, மாலையில் நூற்றுச் சொச்சம், இதென்ன கூத்து? தைராய்டு பார்க்கவேண்டும், எக்கோ எடுக்கவேண்டும் என்று மளமளவென்று எழுதினார். பேனா பதின்மூன்றாம் தேதியில் நின்றது.

"ஈ நாலு திவசம் வைகுந்நேரமும் நார்மலாணல்லோ. இந்த நாலு நாள் சாயங்காலம் நீங்க என்ன செஞ்சு?"

பொங்கல் சாப்பிட்டேன் என்றேன். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஆர்த்தி பின்னால் நின்று காகிதத்தை எட்டிப் பார்த்தாள். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு. அவளுடைய லீவு தேதி அவளுக்குத் தெரியாதா? கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனாள். எதற்கோ பஞ்சு எடுக்க வேண்டும் என்று போனவள் திரும்பவே இல்லை.

தைராய்டும் எக்கோவும் மத்தியானத்துக்குள் முடிந்தன. குறை எதுவும் இல்லை. ஆனால் 2012இல் எந்த மருந்துக்கு அப்படி ஆனது என்று எழுதிய பழைய தாள் இல்லாமல் ஆபரேஷன் தேதி தரமாட்டேன் என்கிறார் டாக்டர். அந்தப் பழைய ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை நடக்கிறது.

ஜனவரி 21, செவ்வாய்
காலை நாடி 78.
மாலை போன் வரவில்லை. 'ரீடிங்கை வாட்ஸப்பில் அனுப்பவும்' என்று ஒரு வரி மட்டும். அண்ணே இல்லை. சந்தோஷப்படுவதா, அழுவதா? ஏன்டா மோகனா, உன்னை யாருடா காகிதத்துல தேதியெல்லாம் போடச் சொன்னது?

ஜனவரி 22, புதன்
நாடி 80. 84.

பீரோ, அரிசி டிரம், சாமி படத்தின் பின்புறம் எல்லாம் அந்தப் பழைய தாளைத் தேடினேன். கடைசியில் அம்மா சர்வசாதாரணமாகச் சொன்னார்.

"அந்தக் காயிதமா? உன்ற சாதகத்தோட ஒரே கவர்ல வெச்சிருந்தனே."

"சாதகம் எங்கம்மா?"

"அது நல்லேப்பிள்ளி ரத்தினசாமி ஊட்டுக்குப் போச்சு. அந்தப் புள்ள நர்மதாவப் பாக்கப் போனமே, அப்ப தரகர் வாங்கிட்டுப் போனாரு. திருப்பித் தரல. அப்பறம் புதுசா எழுதிக்கிட்டமில்ல?"

பெண் பார்க்கப் போன முதல் வீடு அது. பெண் வீட்டுக்காரர்கள் என் கிரகங்களோடு என் பிரஷரையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் செய்திதான் மற்ற பத்து வீட்டுக்கும் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி
காலை நாடி 82. மாலை 80.

நல்லேப்பிள்ளி போனேன். பன்னிரண்டு வருடம் கழித்து, மாப்பிள்ளையாகப் போய் வேண்டாம் என்று சொல்லப்பட்ட வீட்டுக்கு, சாதகத்தைத் திருப்பிக் கேட்டு எவனாவது போவானா? நான் போனேன். ரத்தினசாமி வயலிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைத் தெரிந்துகொண்டதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், கீழே எடுத்தார், மறுபடி போட்டார்.

"வாங்க தம்பி. எப்பவாச்சும் வருவீங்கன்னுதான் வெச்சிருக்கேன். சாதகத்தைக் கிழிச்சுப்போடக் கூடாதுங்களே."

நிலப் பத்திரங்களோடு பத்திரமாக இருந்தது. சாதகத்துக்குள் மடித்த பச்சைத் தாள். மயக்கம் கொடுத்தபோது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை புள்ளி வைத்து எழுதிய கணக்கு.

"சாதகம் அம்சமாப் பொருந்துச்சுங்க தம்பி. இந்தக் காயிதந்தான் கெடுத்துப்போட்டுது. மருந்துக்கடைல இருக்கற நம்ம சொந்தக்காரப் பையன் படிச்சுப்போட்டு, நாடி நூத்தி நாப்பத்திரெண்டு, பிரஷர் எழுவது, ஹார்ட் கேசுன்னு சொல்லிப்போட்டான். நாங்க என்னத்தைக் கண்டம்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு என்ன கேடு வந்ததோ, சிரிப்பு வந்துவிட்டது. நர்மதா உடுமலையில் நன்றாக இருக்கிறாளாம். இரண்டு குழந்தைகள். இளநீர் குடிக்காமல் விடமாட்டேன் என்றார். இரண்டு குடித்தேன்.

ஜனவரி 27, திங்கள்
ஆஸ்பத்திரியில்: 132/82, நாடி 98.

டாக்டர் ஜிபி பச்சைத் தாளைப் புதையல் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அட்ரகூரியம்" என்றார். இரண்டு தடவை சொன்னார். அது தசை தளர்த்தும் மருந்துகளில் ஒன்று. வேகமாக ஏற்றினால் சிலர் உடம்பில் அரிப்புக்குக் காரணமான ஒரு சரக்கு மொத்தமாகக் கொட்டும். தோல் சிவக்கும், ரத்தக் குழாய் தளரும், பிரஷர் இறங்கும். அதை ஈடுகட்ட இதயம் ஓடும். தாளிலும் 'கழுத்து, மார்பு சிவப்பு' என்று எழுதியிருக்கிறது.

"நிங்ஙளுடெ ஹார்ட்டினு ஒரு கொழப்பவும் இல்ல. அது அன்னு நல்லோணம் பணியெடுத்து."

இதயத்தில் ஒரு கோளாறும் இல்லையாம். அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்திருக்கிறதாம். அது ஓடியதால்தான் நான் பிழைத்தேன். பன்னிரண்டு வருடமாக அதைப் போய்த் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சந்தேகம் வேண்டாம் என்று முன்கையில் நாலு மருந்தைப் புள்ளி புள்ளியாகக் குத்திப் பார்த்தார்கள். குத்தியது ஆர்த்தி. அட்ரகூரியம் போட்ட இடம் மட்டும் தடித்துச் சிவந்தது. வெக்ரோனியம் போட்ட இடம் சும்மா இருந்தது. நல்ல பிள்ளைதான்.

"கையை ஆட்டாதீங்க சார்" என்றாள். சார். அண்ணேக்கே கோவில் கட்டலாம் போலிருந்தது.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், பிப்ரவரி 4.

பிப்ரவரி 3, திங்கள்
வார்டில், மதியம்: 134/84, நாடி 92.

பயமா இருக்கு. எழுதிவிடுகிறேன், இந்த நோட்டிடம் என்ன மறைப்பு. டாக்டர் சொன்னது எல்லாம் புரிகிறது. தாளில் இருக்கிறது, கையில் தடிப்பும் இருக்கிறது. ஆனாலும் நாளைக்குக் கண்ணை மூடினால் திறப்பேனா? போன தடவை போனால் போகிறது என்று படுத்தேன். இப்ப அப்படி இல்ல. செத்துப்போக எனக்கு இஷ்டமே இல்ல.

நாலு மணிக்கு ஆர்த்தி கையில் பட்டியலோடு வந்தாள். கட்டுப்பல் உண்டா, மோதிரம் உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். எல்லாம் முடித்துவிட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு நான் உள்ளதான் இருப்பேங்க."

அண்ணே இல்லை. சார் இல்லை. எங்கள் ஊர் 'ங்க'. குமுளிக்காரிக்கு அது எங்கிருந்து வந்தது?

பிப்ரவரி 5, புதன்
124/78, நாடி 78.

திறந்துவிட்டேன். கண்ணை.

தியேட்டரில் ஒரு விஷயத்தை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அங்கே நாடி சத்தமாகக் கேட்கும். டிக், டிக் என்று என் நெஞ்சை எல்லோருக்கும் ஒலிபரப்புகிறார்கள். ஆர்த்தி மாஸ்க்கைச் சரிசெய்யக் குனிந்ததும் அந்த மிஷின் மாட்டுவண்டியிலிருந்து எக்ஸ்பிரஸுக்குத் தாவியது. டாக்டர் ஜிபி திரும்பிப் பார்த்தார்.

"ஆர்த்தி, ஒந்நு அங்கோட்டு மாறி நிந்நே."

தள்ளி நின்றாள். சத்தம் மெதுவானது.

"இனி வா."

வந்தாள். எக்ஸ்பிரஸ்.

"பொங்கல்" என்றார் டாக்டர். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் கேட்ட கடைசிச் சத்தம் அது.

சாயங்காலம் டாக்டர், தியேட்டரில் ஆர்த்தி எழுதிய வெள்ளைத் தாளைக் காட்டிவிட்டு என்னிடமே கொடுத்தார். வெக்ரோனியம் போன நேரத்துக்கு நேராக நாடி எழுபத்தாறு, அடுத்த கட்டத்திலும் எழுபத்தாறு. எழுப்பும்போது கொடுக்கும் மருந்து நாடியைக் குறைக்குமாம், அதனால் கூட்டுகிற இன்னொன்றையும் சேர்த்தே கொடுப்பார்களாம். இரண்டும் இழுபறி போட்டு எண்பத்து நான்கில் சமாதானம் ஆயிற்று. இருபத்தோரு கல். சீசாவில் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்ப என்ற பையன் பால் கேன் தூக்கலாமுங்களா?"

பிப்ரவரி 14, வெள்ளி
தையல் பிரிக்கும் தேதி. நான் கேட்டு வாங்கவில்லை, அவர்களே போட்டது. ரீடிங் எங்கே என்று ஆர்த்தி கேட்டாள். வரிசையில் உட்கார்ந்தபடி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் இந்த நோட்டையே அவளிடம் கொடுத்துவிடப் போகிறேன். நாடி எண்ண மிஷின் வேண்டியதில்லை, காதிலேயே கேட்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி
124/80, நாடி 90.

நோட்டு இன்று தபாலில் வந்தது. சிவப்புப் பேனாவால் திருத்தியிருக்கிறாள். பிரஷர் எழுதாத நாளுக்கெல்லாம் ஒரு வட்டம். ஜனவரி 10, 'நல்ல பிள்ளை'க்கு அடியில் கோடு. கடைசிப் பக்கத்தில்:

'முழுக்கப் படித்தேன். போனில் சொன்ன அண்ணே எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அப்பா சுருளிவேல் தேயிலை ஃபாக்டரியில் இருந்து ரிட்டையர் ஆனவர். தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் எனக்கு வயது முப்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் அம்மாவும் வீட்டில் இருப்பார்கள்.'

நான்கு தடவை வாசித்துவிட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போனேன். ஆறு மாட்டிடமும் சொல்லியாகிவிட்டது.

பிப்ரவரி 24, திங்கள்
அம்மாவிடம் சொன்னேன். "என்ன ஆளுங்க?" என்று கேட்டார். அவங்க வேற ஆளுங்க என்றேன். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 27, வியாழன்
மூன்று நாள் பேச்சில்லை. இன்று காலை நான் பால் கேனைத் தூக்கி வண்டியில் வைத்தபோது பின்னாலிருந்து குரல். "நெஞ்சு நல்லாத்தான் இருக்குதா?" நன்றாக இருக்கிறது என்றேன். "அந்தப் புள்ள பாத்துச் சொன்னாளா?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

"குமுளிக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு?"

மார்ச் 9, ஞாயிறு
குமுளி.

பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று நாலு பஸ் மாறி மலையேறினோம். அம்மா மடியில் சாதகம், புதுசு இல்லை, நல்லேப்பிள்ளியிலிருந்து மீட்டது. அதற்குள் இரண்டு தாள், பழைய பச்சையும் பிப்ரவரி வெள்ளையும். "எதையும் மறைக்கக் கூடாது, முன்னயே பாத்துக்கட்டும்" என்று அம்மாவே மடித்து வைத்தது. பிரஷர் மிஷினையும் எடுத்துக்கொண்டார். வழியில் எனக்கு ஏதாவது ஆகிவிடுமாம்.

அவள் அம்மா வேலுத்தாய் ஏலக்காய் போட்ட டீ கொடுத்தார். சுருளிவேல் சாதகத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வெள்ளைத் தாளை மட்டும் வாசித்தார். மகள் கையெழுத்தாயிற்றே. "எழுவத்தாறு, எழுவத்தாறு, எழுவத்தாறு. நல்லாத்தானம்மா இருக்காக" என்று என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அதோடு சம்பந்தம் பேசி முடிந்தது. அப்புறம் மிஷினைக் கண்டதும் தன் கையையும் நீட்டினார். அவருக்குப் பார்த்தேன். வேலுத்தாய்க்குப் பார்த்தேன். பக்கத்து வீட்டு பிலோமி அக்கா வந்தார், அவருக்கும் பார்த்தேன். எனக்குப் பார்க்க வேண்டாம் என்றேன், அங்கிருந்த யாருக்கும் அந்த எண் தேவைப்படவில்லை.

கதவோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தவள் வந்து என் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினாள். இரண்டு மாதமாக அவள்தான் என்னைப் பார்த்தாள். பட்டையை நான் அவளுக்குச் சுற்றுவது இதுதான் முதல் தடவை. காற்று ஏறியது, இறங்கியது. எண் வந்ததும் எட்டிப் பார்த்தாள். "மிஷின் கோளாறுங்க" என்றாள்.

மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. வழக்கம்போல எழுதிவைக்கிறேன்.

மாலை 118/76, நாடி 112. ஆர்த்தி.